பிஎஸ்எல்வி அடுத்தடுத்து ரெண்டு தடவை விழுந்திருச்சு. 2010-ல ஜிஎஸ்எல்வி எப்படி எழுந்துச்சுன்னு பேசுவோமா?

தென்கரை ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

2025 மே 18-ல் பிஎஸ்எல்வி சி61 விழுந்தது. 1,696 கிலோ எடையுள்ள இஓஎஸ்-09 ரேடார் செயற்கைக்கோள் அதோடு போனது. மூன்றாம் கட்டத்து மோட்டாரில் அழுத்தம் குறைந்தது என்று அன்றைக்கே சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து 2026 ஜனவரி 12-ல் சி62 கிளம்பியது. அதுவும் மூன்றாம் கட்டத்தின் கடைசியில் தடம் மாறிப் போய்விட்டது. இஸ்ரோவின் நம்பகமான வண்டி என்று எல்லோரும் சொல்லிவந்த ராக்கெட் ஒரே இடத்தில் இரண்டு முறை இடறியிருக்கிறது.

சோழவந்தான் பக்கம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். டீக்கடையில் பழைய மாணவர்களைப் பார்த்தால், "சார், இனிமே அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இதைவிட மோசமான நேரத்தை இஸ்ரோ பார்த்திருக்கிறது. 2010-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15-ல் பிஎஸ்எல்வியைவிடப் பெரிய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வியின் டி3, நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு (கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிப்பது) முதல் தடவையாகப் பறந்தது. முதல் இரண்டு கட்டமும் ஒழுங்காக வேலை செய்தன. மேல்கட்டத்தில் எஞ்சின் பற்றியது, ஆனால் நிலைக்கவில்லை. ராக்கெட் கடலில் விழுந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று எஃப்06 போனது. இது ரஷ்யாவிடம் வாங்கிய கிரையோ கட்டம் வைத்தது. மேலே இருக்கும் கணினியிலிருந்து கீழே பக்கவாட்டு மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் இணைப்பான்கள் 47 வினாடி வாக்கில் கழன்றுவிட்டன. ராக்கெட் கட்டுப்பாடு இழந்தது, வெடிக்க வைத்து அழித்தார்கள். தொலைக்காட்சியில் அந்தப் புகையைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரே வருடத்தில் இரண்டு. சொந்த எஞ்சினும் போனது, வாங்கிய எஞ்சின் வைத்ததும் போனது. அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஜிஎஸ்எல்வி பறக்கவே இல்லை. 2014 ஜனவரி 5 மாலை 4:18-க்கு டி5 கிளம்பி, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14-ஐச் சொந்தக் கிரையோ எஞ்சினோடு சரியான பாதையில் விட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த மூன்று வருடம் வீணான காலமில்லை. ஜிஎஸ்எல்வி உண்மையில் எழுந்தது அப்போதுதான், அதுவும் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவில் இல்லை, எஞ்சின்களைச் சோதிக்கும் நம்ம பக்கம் மகேந்திரகிரியில். தரையில் முழுசாக நிரூபித்த பிறகுதான் பறப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். எதனால் விழுந்தது என்று ஊருக்குச் சொன்னார்கள். பிஎஸ்எல்விக்கும் இந்த இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

கப்பலூர் லேத்

வணக்கம் சார். நான் கப்பலூர் சிட்கோல சின்னதா பட்டறை வச்சிருக்கேன். பம்ப், வால்வு வேலைதான். ராக்கெட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா டி3 எதனால போச்சுன்னு படிச்சப்ப எனக்கு உடனே புரிஞ்சது. அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்.

கிரையோ கட்டத்துல ஹைட்ரஜன் டேங்குக்குக் கீழ ஒரு சின்ன பம்ப் இருக்கு. பூஸ்டர் டர்போ பம்ப்னு பேரு. பெரிய பம்புக்கு முன்னாடி திரவ ஹைட்ரஜனைக் கொஞ்சம் அழுத்திக் குடுக்கிற வேலை. டி3-ல அந்த பம்ப் நிமிசத்துக்கு 34,800 சுத்து வரைக்கும் ஏறுச்சு. எஞ்சின் ஆரம்பிச்சு 0.9 வினாடில வேகம் இறங்க ஆரம்பிச்சது. அடுத்த 0.6 வினாடில நின்னே போச்சு. இதை இஸ்ரோவே அந்த வருசம் வெளியிட்டாங்க. ஒண்ணு சீல் இருக்கிற இடத்துல ரோட்டர் பிடிச்சிருக்கணும், இல்ல டர்பைன் கேசிங் வெடிச்சிருக்கணும்னு எழுதியிருந்தாங்க.

பிடிச்சிருச்சுன்னா என்னன்னு பட்டறைக்காரனுக்குத் தெரியும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிர்ல எஃகு ஒரு அளவு சுருங்கும், அலுமினியம் வேற அளவு சுருங்கும். 100 மில்லிமீட்டர் விட்டத்துல எஃகு வளையம் கிட்டத்தட்ட 0.3 மில்லி குறையும், அலுமினியம் 0.4 மில்லி. வித்தியாசம் 0.1 மில்லி, அதாவது நூறு மைக்ரான். நாங்க சாதாரண பேரிங் ஃபிட்டுக்கே இருபது மைக்ரான் தாண்டினா ஜாபைத் திருப்பி அனுப்பிருவோம். நிமிசத்துக்கு முப்பதாயிரம் சுத்து சுத்துற சாமான்ல நூறு மைக்ரான் அங்கிட்டு இங்கிட்டு ஆனா என்ன ஆகும்னு பாத்துக்கங்க.

நாங்க இதை வேற மாதிரி தினமும் பாக்குறோம். கன்மெட்டல் புஷ்ஷை ஹவுசிங்ல ஏத்த, பிரஸ்ல வச்சு அமுக்கினா கீறல் விழும். அதனால திரவ நைட்ரஜன் வாங்கி வந்து ஃபிளாஸ்க்ல ஊத்தி புஷ்ஷை முக்குவோம். ஊத்தினதும் கொதிக்கிற மாதிரி குமிழ் அடிக்கும், வெள்ளையா புகை தரையில வழியும். குமிழ் அடங்கினா முழுசாக் குளிர்ந்துருச்சுன்னு அர்த்தம். இடுக்கியில எடுத்து ஹவுசிங் வாயில வச்சா, தட்டாமலே தன் எடையில உள்ள இறங்கும். ஆனா கொஞ்சம் சாஞ்சு வச்சுட்டீங்க, இல்ல யோசிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா பாதியில சூடேறிப் பிடிச்சுக்கும். அப்புறம் கடப்பாரை வச்சாலும் வராது. வெட்டித்தான் எடுக்கணும்.

டி5-க்கு அந்த பம்பை மாத்தினப்ப, குளிர்ல பேரிங்கும் கேசிங்கும் விரியுறது சுருங்குறதைக் கணக்குல எடுத்து டிசைனை மாத்துனோம்னு இஸ்ரோ சொல்லுச்சு. அந்த ஒரு வரியைப் படிச்சப்ப, யாரோ நம்மள மாதிரி ஒரு ஆளு மைக்ரோமீட்டரைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரி பகலா நின்னிருக்கான்னு தோணுச்சு. எனக்கு அவ்வளவு மரியாதை அந்த ஆளுங்க மேல.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்

அண்ணே, உங்க விளக்கம் செம. கிளாஸ்ல தெர்மல் கான்ட்ராக்‌ஷன் படிச்சப்ப இப்படிப் புரியல.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2007 நவம்பர் 15-லயே மகேந்திரகிரியில் அந்தக் கிரையோ கட்டத்தை 720 வினாடி எரிச்சுச் சோதிச்சாங்கன்னு படிச்சிருக்கேன். பறக்கும்போது எரிய வேண்டிய முழு நேரமும் அதுதான். அப்படித் தரையில் முழுசா பாஸ் ஆன எஞ்சின் மேலே போய் ஏன் நிற்கணும்? தரைச் சோதனைதான் எல்லாம்னு நீங்க சொல்றதுக்கு இது எதிராத்தானே இருக்கு?

தென்கரை ஆசிரியர்

நல்ல கேள்வி தம்பி. இதற்குத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன் என்று சொல்லலாம்.

தரையில் நம்மைச் சுற்றிக் காற்று இருக்கிறது. கிரையோ கட்டம் எரிய ஆரம்பிப்பது காற்றில்லாத உயரத்தில். அங்கே எரியறையின் வாய் வெற்றிடத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. திரவம் உள்ளே வந்ததும் ஆவியாகும் வேகம் வேறு, தீப்பொறி பிடிக்கும் விதம் வேறு, பம்ப் வேகமெடுக்கும் முதல் ஓரிரு வினாடியின் கணக்கே வேறு. 720 வினாடி எரிந்தது, பற்றிய பிறகு எஞ்சின் தாங்கும் என்பதைக் காட்டியது. மேலே போய்ப் பற்றவைப்பதை அது காட்டவில்லை.

அதனால் 2010-க்குப் பிறகு மகேந்திரகிரியில் உயர்வெளிச் சோதனைக்கூடத்தில் வைத்தார்கள். வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி, அதற்குள் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்ப்பது. டி5 பறக்கும் முன் அப்படி இரண்டு சோதனை. பறக்கப்போகும் அதே பூஸ்டர் பம்பைக் கடுங்குளிரில் ஓட்டி இரண்டு சோதனை. பறக்கப்போகும் அதே பிரதான எஞ்சினை 200 வினாடி எரித்து ஒரு சோதனை. எஃப்06-ல் கழன்ற இணைப்பான்கள் இருந்த அடி மூடுறையையும் மாற்றி வடிவமைத்தார்கள்.

எனவே தரையில் சோதித்தோம் என்றால் போதாது. எந்த நிலைமையில் அது பிழைக்க வேண்டுமோ அந்த நிலைமையைத் தரைக்குக் கொண்டுவந்து சோதித்தோமா என்று கேட்க வேண்டும். 2007-க்கும் 2013-க்கும் நடுவில் இஸ்ரோ கடந்துவந்த தூரம் அதுதான்.

பணகுடிக்காரி

ஆசிரியர் ஐயா, எங்க ஊர்ப் பேரை எடுத்துட்டீங்க, நான் எழுதாம இருக்க முடியாது. கல்யாணம் ஆகி வில்லாபுரம் வந்து வருசமாச்சு. பொறந்தது வளர்ந்தது எல்லாம் பணகுடிப் பக்கம், மலையடிவாரம்.

சின்னப் பிள்ளையில மகேந்திரகிரி சத்தம் கேட்டு வளர்ந்தோம். முன்னறிவிப்பு ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் மாட்டைக் கட்டிக்கிட்டு இருப்போம், மலைப் பக்கமிருந்து ஒரு உறுமல் கிளம்பும். இடின்னா நின்னுரும். இது நிக்காது. அடுப்படியில ஈயச் சட்டி ஒண்ணோட ஒண்ணு தட்டி கிணுகிணுன்னு சத்தம் போடும். எங்க ஆச்சி, "டெஸ்ட் வச்சிருக்கான், பால் திரிஞ்சுரப் போவுது, அடுப்பைப் பாரு"ன்னு சொல்லும். கொஞ்ச நேரத்துல மலை மேல வெள்ளையா ஆவி எழும்பும். மழை மேகம் மாதிரி இருக்காது, சட்டுன்னு எழும்பி சட்டுன்னு கலைஞ்சிரும்.

ரொம்ப நேரம் சத்தம் வந்தா பெரியவங்க முகத்துல ஒரு நிம்மதி தெரியும். பாதியில நின்னா, "என்னாச்சோ"ன்னு பேசிக்குவாங்க. அங்க வெல்டராவும் எலக்ட்ரீசியனாவும் காண்ட்ராக்ட்ல போனவங்க எங்க தெருவுலயே இருந்தாங்க. 2010-ல அந்த ரெண்டு ராக்கெட்டும் விழுந்தப்ப எங்க ஊர்ல எழவு வீடு மாதிரி இருந்துச்சு. வேலைக்குப் போற அண்ணாச்சிமாரு யாரும் வாயைத் திறக்கல. 2014-ல பொங்கலுக்கு முன்னாடியே எங்க தெருவுல பொங்கல் வந்துருச்சு.

டிவில விஞ்ஞானிகளைக் காட்டுனாங்க, சந்தோசம். ஆனா ராத்திரி ஷிப்டுல ஹைட்ரஜன் லைனைக் காவல் காத்தவங்களை யாரும் காட்டல. இந்த இழையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியணும்.

உசிலை மண்

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் கொஞ்சம் வேற மாதிரி கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க பக்கம் 58 கிராமக் கால்வாயில தண்ணி விடச் சொல்லி எத்தனை வருசம் போராடினோம்னு மதுரைக்காரங்களுக்குத் தெரியும். இன்னைக்கும் தண்ணி தெறந்துவிடுங்கன்னு மனு குடுத்துக்கிட்டேதான் இருக்கோம். ராக்கெட் விழுந்தா அடுத்த ராக்கெட்டுக்குக் காசு வந்துருது. கால்வாய் உடைஞ்சா கரையைக் கட்டக் காசு வர மாட்டேங்குது. விழுந்து எழுந்தோம், விழுந்து எழுந்தோம்னு பெருமைப்படுறீங்க. அந்த எழுச்சியில எங்க காட்டுக்கு என்ன வந்துச்சு?

சிம்மக்கல் வாசகன்

உசிலை அண்ணனுக்கு ஆசிரியர் பதில் சொல்லட்டும். நான் கொஞ்சம் பின்னாடி போகிறேன். 2010-ல் மட்டும் விழவில்லை நாம். அதற்கு முன்பே நம்மைத் தள்ளிவிட்டார்கள்.

1991 ஜனவரியில் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். கிரையோ எஞ்சினும் அதைச் செய்யும் தொழில்நுட்பமும் சேர்த்து 235 கோடி ரூபாய்க்கு. அந்த வருடக் கடைசியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1992 மே மாதம், இது ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி அமெரிக்கா இஸ்ரோவின் மீதும் கிளாவ்காஸ்மாஸின் மீதும் இரண்டு வருடத் தடை போட்டது. திரவ ஹைட்ரஜனை நிரப்பி வைத்துக்கொண்டு யாரும் ஏவுகணை வைத்திருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது என்று பின்வாங்கியது. செய்து முடித்த கட்டங்கள் ஏழு மட்டும் கிடைத்தன.

1994-ல் சொந்தக் கிரையோ திட்டம் ஆரம்பித்தது. அந்த வருடம் நவம்பர் 30-ல், கிரையோ திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த நம்பி நாராயணனை உளவு வழக்கில் கைது செய்தார்கள். அவர் நம்ம திருப்பரங்குன்றத்து தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். 1996-ல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சிபிஐ சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம், அந்தக் கைது தேவையற்றது, அவர் மனக்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார் என்று சொல்லி 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. இருபத்து நான்கு வருடம். கிரையோ எஞ்சின் இருபது வருடம் தாமதமானதற்கு இந்த ஒரு வழக்கே காரணம் என்று நான் நம்புகிறேன்.

தென்கரை ஆசிரியர்

சிம்மக்கல் தம்பிக்கு முதலில். நம்பி நாராயணனுக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. அந்த வழக்கு திட்டத்தின் முதுகில் அடித்தது, ஆட்களின் மனதை உடைத்தது. ஆனால் இருபது வருடத்தையும் அதன் தலையில் கட்ட நான் ஒப்ப மாட்டேன். மைனஸ் 253 டிகிரியில் ஓடும் பம்பும், அதற்கான உலோகமும், வெல்டிங்கும், சோதனை மேடையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. யாரும் கைப்பிடித்துச் சொல்லித் தரவில்லை. கப்பலூர் அண்ணன் சொன்ன அந்த நூறு மைக்ரானை எந்த ஒப்பந்தத்திலும் வாங்க முடியாது, பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் வழக்கின் மேல் போட்டால் அந்த உழைப்பை நாம் பார்க்கத் தவறிவிடுவோம்.

இப்போது உசிலை அண்ணனுக்கு. உங்கள் கேள்வி நியாயமானது. யாரும் கோபப்பட ஒன்றுமில்லை.

டி5-க்குப் பிறகு அந்தச் சொந்த எஞ்சின் வைத்த ஜிஎஸ்எல்வி எதைத் தூக்கியது என்று பாருங்கள். 2016 செப்டம்பர் 8-ல் இன்சாட்-3டிஆர். 2024 பிப்ரவரி 17-ல் இன்சாட்-3டிஎஸ். இரண்டும் வானிலைச் செயற்கைக்கோள்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது செய்தியில் காட்டும் மேகப் படம் இவற்றிலிருந்துதான் வருகிறது, அரை மணிக்கு ஒருமுறையாவது. கடலை பிடுங்கிக் காயப்போட்டவர்கள், நெல்லை அறுத்துக் களத்தில் கொட்டியவர்கள் மூடி வைக்க இரண்டு நாள் அவகாசம் கிடைக்கிறது என்றால் அதில் அந்த எஞ்சினுக்குப் பங்கு உண்டு. 2010-லேயே இதைக் கைவிட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு ராக்கெட்டுக்கு வரிசையில் நின்றிருப்போம்.

உசிலை மண்

மழைச் சேதி முன்னமாதிரி இல்ல, இப்ப நம்பி வேலை பாக்கலாம்ங்கிறதை ஒத்துக்கிறேன். போன தடவை புயல் சேதி கேட்டுத்தான் வெங்காயத்தை வீட்டுக்குள்ள ஏத்தினோம். அது சரி.

ஆனா என் கேள்வி முடியல. காசு எங்க காசு. விழுந்தா எதனால விழுந்துச்சுன்னு எங்களுக்குச் சொல்லணும். எங்க ஊர்ல கண்மாய் மடை உடைஞ்சா, யாரு கட்டினது, என்ன சிமெண்டு போட்டான்னு கூட்டம் போட்டுக் கேப்போம். ராக்கெட்டுக்கும் அந்தக் கணக்கு உண்டா, இல்லையா?

கப்பலூர் லேத்

உண்டுண்ணே. அதுக்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கு.

2006 ஜூலை 10-ல ஜிஎஸ்எல்வி எஃப்02 விழுந்துச்சு. நாலு பக்கவாட்டு மோட்டார்ல ஒண்ணு உந்துவிசை இழந்துருச்சு. எதனாலன்னு இஸ்ரோ ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லிட்டாங்க. அந்த மோட்டாரோட கேஸ் ஜெனரேட்டர்ல ஒரு ரெகுலேட்டர், தயாரிக்கிறப்பவே அளவு தப்பிப்போயிருந்துச்சு, அது சோதனையிலயும் கண்ணுல படாமப் போச்சுன்னு. ஒரு ரெகுலேட்டர்! என்னை மாதிரி பட்டறையில கடையுற அளவு சாமான். இதை வெளிப்படையாச் சொன்ன ஒரு அரசு அமைப்பு மேல எனக்கு நம்பிக்கை கூடுமா, கொறையுமா? அடுத்த வருசம் செப்டம்பர்ல எஃப்04 கிளப்பினாங்க.

அப்படிச் சொன்னதால எங்களுக்கும் ஒரு லாபம். அதைப் படிச்ச பிறகு நான் பட்டறையில ஒரு பழக்கம் வச்சேன். கடைஞ்சவனே அளந்து பாஸ் போடக் கூடாது, வேற ஒருத்தன் வேற மைக்ரோமீட்டரை எடுத்து அளக்கணும். யாரு அளந்தாங்கன்னு ஜாப் கார்டுல கையெழுத்து இருக்கணும்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்

நான் மறுபடியும் குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். ஜிஎஸ்எல்வி உதாரணம் பிஎஸ்எல்விக்கு அப்படியே பொருந்துமான்னு சந்தேகம்.

கிரையோ எஞ்சின் திரவ எஞ்சின். பறக்கப்போற அதே எஞ்சினைத் தரையில் எரிச்சுப் பார்த்துட்டு, கழுவி, மறுபடியும் ராக்கெட்டில் ஏத்தலாம். ஆசிரியர் சொன்ன 200 வினாடிச் சோதனை அப்படித்தான். பிஎஸ்எல்வியோட மூன்றாம் கட்டம் திட எரிபொருள். கெவ்லார் இழை சுத்தின உறைக்குள்ள எரிபொருளைக் கூழ் மாதிரி ஊத்தி இறுக வச்சுடுவாங்க. ஒரு தடவை பத்தினா எரிஞ்சு முடிஞ்சுடும். பறக்கப்போற மோட்டாரைச் சோதிக்கவே முடியாது. அதோட அண்ணனையோ தம்பியையோதான் எரிச்சுப் பார்க்க முடியும். அப்ப மகேந்திரகிரி வழி இங்க எப்படி வேலை செய்யும்?

தென்கரை ஆசிரியர்

தம்பி கேட்டதில் விஷயம் இருக்கிறது. திட மோட்டாரில் உற்பத்திதான் சோதனை. எந்தத் தொகுதி மூலப்பொருள், எந்த நாளில் கலந்தது, எவ்வளவு நேரம் இறுக விட்டது, எக்ஸ்ரேயில் வெடிப்போ காற்றுக்குமிழோ தெரிந்ததா, உறைக்கும் எரிபொருளுக்கும் நடுவில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பதிவில் பார்க்க வேண்டும். அதே தொகுதியில் இன்னொன்றை வார்த்து எரித்துப் பார்க்க வேண்டும். முறை மாறும். ஆனால் நிரூபிக்கும் வரை பறக்கக் கூடாது என்ற பிடிவாதம் மாறக் கூடாது. நான் கேட்பது அதைத்தான்.

2017 ஆகஸ்ட் 31-ல் சி39-ன் மூக்குக் கவசம் பிரியாமல் செயற்கைக்கோள் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நாலரை மாதத்தில் சி40 வெற்றியாகப் போனது. அது தனித்து நடந்த பிழை. இப்போது நடந்திருப்பது அப்படி அல்ல, அதே கட்டம் இரண்டாம் முறை. இதற்கு 2010-ஐப் போல உட்கார்ந்து ஆற அமரப் பார்க்க வேண்டும். ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஆகட்டும், நாடு பொறுத்துக்கொள்ளும்.

கப்பலூர் லேத்

மூலப்பொருள்னு சார் சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எனக்குக் கம்பி சப்ளை பண்றவரு ஒருத்தரு, பேரு வேண்டாம். வருசக்கணக்கா ஒரே கிரேடு எஃகு வாங்கிக்கிட்டு இருந்தேன். திடீர்னு வால்வு தண்டு பத்துக்கு ரெண்டு திரெட் போடுறப்பவே பிசிறு அடிச்சுக் கிழியுது. டூலை மாத்தினேன், ஸ்பீடைக் கொறைச்சேன், ஆயிலை மாத்தினேன், கடைசியில துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினா எஃகோட கலவையே மாறியிருக்கு. மில்லை மாத்தியிருக்காங்க, எங்கிட்டச் சொல்லல. பில்லுல பழைய கிரேடுதான் போட்டிருக்கு. மெஷின்ல தப்பு இல்ல, ஆள் கிட்டத் தப்பு இல்ல, வந்த சரக்குல தப்பு.

பிஎஸ்எல்வில இதுதான் நடந்துச்சுன்னு நான் சொல்லல. ஒரே இடத்துல ரெண்டு தடவை விழுந்தா டிசைனை மட்டும் பாக்காம, சரக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடியே நடந்து போய்ப் பாக்கணும்னு சொல்றேன். டி5-ல அப்படித்தான் பாத்தாங்க. 2013 ஆகஸ்ட் 19-ல ஏவுறதுக்கு ஒண்ணே கால் மணி நேரம் இருக்குறப்ப ரெண்டாம் கட்ட டேங்குல கசிவு தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. எரிபொருள் கீழ ஒழுகிருச்சு. கசிவை அடைச்சுட்டுக் கிளப்பல. ராக்கெட்டையே கழட்டி, டேங்கு எந்த அலுமினியக் கலவைன்னு பாத்து, அந்தக் கலவையே வெடிப்பு விடுற சுபாவம்னு கண்டுபிடிச்சு, 2219-ங்கிற வேற கலவைல புது டேங்கு வச்சாங்க. நாலரை மாசத்துல மறுபடி கொண்டுவந்து நிறுத்தினாங்க. அந்த நிறுத்தம் மட்டும் இல்லைன்னா 2014 ஜனவரி கிடையாது.

சிம்மக்கல் வாசகன்

ஆசிரியர் சொன்ன வழக்கு விஷயத்தில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. உடைந்த மனத்தை வைத்துக்கொண்டு எஞ்சின் செய்தவர்களுக்கு எத்தனை வருடம் போனது என்று எந்த மைக்ரோமீட்டராலும் அளக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தைச் சந்தோஷமாகப் பதிகிறேன். 2025 ஜூலை 30-ல் ஜிஎஸ்எல்வி எஃப்16, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 2,392 கிலோ நிசார் செயற்கைக்கோளைத் தூக்கிப் போனது. மேல்கட்டத்தில் இருந்தது நம்ம கிரையோ எஞ்சின். 1992-ல் அந்த எஞ்சினுக்குத் தடை போட்ட நாடு, தன் ரேடாரை அதே எஞ்சினின் தோளில் ஏற்றி அனுப்பியது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களை ஏவ மறுத்தபோது, அந்த வருடம் அக்டோபரிலும் அடுத்த மார்ச்சிலுமாக 72-ஐ இஸ்ரோவின் பெரிய ராக்கெட் எல்விஎம்3 கொண்டுபோய்விட்டது. இஸ்ரோ தலைவராக இருக்கும் வி. நாராயணன் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், எல்விஎம்3-ன் சி25 கிரையோ கட்டத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். தடையில் பிறந்த எஞ்சினோடு வளர்ந்த மனிதர். பிஎஸ்எல்வியின் தோல்வியை அவர் எப்படிக் கையாள்வார் என்று பார்க்க நான் நம்பிக்கையோடுதான் காத்திருக்கிறேன்.

பணகுடிக்காரி

எல்விஎம்3-ன்னு சொன்னீங்கல்ல, அதோட சி25 கட்டத்தை 2017 பிப்ரவரியில 640 வினாடி எரிச்சாங்க, எங்க மகேந்திரகிரியிலதான். பத்து நிமிசத்துக்கு மேல. அப்ப நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சி இல்ல. அம்மா வாசல்ல வந்து நின்னு, "இன்னும் நிக்கல, இன்னும் நிக்கல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அந்த ஜூன்லதான் ராக்கெட் போச்சு. சந்திரயான்-3-ஐத் தூக்கினதும் அதே ராக்கெட்தான்.

உசிலை அண்ணே, எங்க ஊர்ல அந்த மலையைச் சுத்தி நிலம் குடுத்தவங்களும் இருக்காங்க. குலசேகரப்பட்டினத்துல இப்ப ரெண்டாவது ஏவுதளம் கட்டுறாங்க, 2,200 ஏக்கருக்கு மேல. அங்கயும் நிலம் குடுத்த சனம் இருக்கு. நீங்க கேட்ட கணக்கு எங்களுக்கும் வேணும்.

உசிலை மண்

அப்ப ஒரே முடிவுதான் தாயி. அறிக்கையை வெளியிடச் சொல்லி எழுதுவோம். தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதுறது எனக்குப் பழக்கம், கால்வாய்க்கு நெறைய எழுதியிருக்கேன். பாதுகாப்பு ரகசியம்னு ஏதாவது இருந்தா அதை விட்டுட்டுச் சொல்லட்டும். 2006-லயும் 2010-லயும் சொன்ன மாதிரி சொன்னாப் போதும். ஆசிரியர் ஐயா கேள்விகளைச் சரியா எழுதிக் குடுத்தா நான் அனுப்புறேன்.

தென்கரை ஆசிரியர்

எழுதித் தருகிறேன் அண்ணா. முதல் வரைவு:

மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்ததற்கு சி61 ஆய்வுக் குழு கண்ட காரணம் என்ன? சி62 பறக்கும் முன் அதற்காக என்னென்ன மாற்றம், எத்தனை தரை எரிப்புச் சோதனை? இரண்டு மோட்டாரின் உறை, எரிபொருள், நாசில் ஆகியவற்றில் பொதுவான தொகுதி ஏதும் உண்டா? அடுத்த பறப்புக்கு முன் எதை நிரூபித்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்?

கப்பலூர் அண்ணன் இதில் சரக்கு பற்றிய கேள்வியைத் திருத்தித் தாருங்கள். உங்களுக்குத்தான் எங்கே தட்டிப் பார்ப்பது என்று தெரியும்.

கப்பலூர் லேத்

மூணாவது கேள்வியில "தொகுதி"யோட "சப்ளை செய்தவர், சோதனைச் சான்று கொடுத்த லேப்"னும் சேத்துக்கங்க சார். சான்று குடுத்தது சரக்கு வித்தவனோட லேபா, வாங்கினவன் லேபான்னு கேக்கணும். பாதி வெசயம் அங்கதான் இருக்கு.

தம்பி மெக்கானிக்கல், சனிக்கிழமை மதியம் கப்பலூர் வர்றியா? ஒரு பெரிய பம்புக்கு புஷ் ஏத்தணும், நைட்ரஜன் சொல்லி வச்சிருக்கேன். கூட்டாளிகளையும் கூட்டி வா. ஷூ போட்டு வரணும், செருப்போட உள்ள விட மாட்டேன்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்

கண்டிப்பா வர்றேண்ணே. நாங்க நாலு பேர். குளிர்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் புஷ்ஷோட விட்டத்தை அளந்து கணக்கோட ஒத்துப்போகுதான்னு பார்க்கலாமா? வெர்னியர் நான் கொண்டுவர்றேன்.

கப்பலூர் லேத்

வெர்னியர் பத்தாது. மைக்ரோமீட்டர் நான் தர்றேன். ஆனா குளிர்ந்த புஷ்ல வச்ச உடனே அளவைப் படிச்சுரணும். ரெண்டு பேர் தனித்தனியா அளங்க.